வாரம் ஒரு ஆய்வுரை: தஞ்சைப் பக்கத்துக் கல்லூரியில் நாங்கள் நடத்தும் விதம்

தஞ்சாவூர் பக்கத்தில் ஒரு கல்லூரியில் கணினி அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் துறையில் புதன்கிழமை மதியம்தோறும் ஒரு ஆய்வுரை நடக்கும். சில வாரம் வெளியிலிருந்து ஒருவர் வருவார். சில வாரம் எங்கள் பிஎச்டி மாணவர் ஒருவரே பேசுவார். ஆள் அமையாத வாரத்தில் புதிதாக வந்த ஆய்வுக் கட்டுரை ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு எல்லாரும் சேர்ந்து படிப்போம். ஏற்பாட்டுப் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் பக்கத்துக் கல்லூரிகளில் வேலை பார்க்கும் நண்பர்கள் "எப்படி நடத்துகிறீர்கள், எங்களுக்கும் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆய்வுரை நன்றாக அமைந்ததா என்று நான் பார்ப்பதற்கு ஒரே ஒரு வழி வைத்திருக்கிறேன். இளநிலை மூன்றாம் ஆண்டு படிக்கிற ஒரு பையனோ பெண்ணோ எழுந்து ஒரு கேள்வி கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பேச்சாளர் கொஞ்சம் நின்று யோசித்துப் பதில் சொல்ல வேண்டும். இது நடந்துவிட்டால் போதும். அரங்கில் பாதி நாற்காலி காலியாக இருந்தாலும் எனக்குக் கவலை இல்லை. ஆனால் அது தானாக நடந்துவிடாது. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைகள் இவர்கள். பலருக்கு வீட்டில் அவர்தான் முதல் பட்டதாரி. ஆங்கிலத்தில் கேட்க வேண்டுமோ என்ற தயக்கம் வேறு. ஆகவே கேள்வி கேட்க வைக்கிற வேலை, உரைக்கு ஒரு வாரம் முன்னாலேயே தொடங்கிவிட வேண்டும்.

நாங்கள் செய்வது இவ்வளவுதான். உரை எந்தத் தலைப்பில் என்று முடிவானதும், அதற்கு அடிப்படையான ஒரே ஒரு விஷயத்தை எடுத்து, ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவோம். உரையின் சுருக்கத்தைப் போடுவதில்லை. சுருக்கம் படித்தவருக்குக் கேள்வி வராது. அந்தத் துறையில் யாரோ எங்கோ தடுக்கி விழுந்த ஒரு கதையைப் போட்டால் கேள்வி வரும்.

நெல் இலை நோய் உரையை எடுத்துக்கொள்கிறேன். செல்போன் படத்தை வைத்துப் பயிர் நோயைக் கண்டுபிடிக்கும் ஆய்வு எங்கள் பக்கத்தில் நிறைய நடக்கிறது. வயல் பக்கத்திலேயே இருக்கிறது, எல்லார் கையிலும் போன் இருக்கிறது, பாதிப் பேர் வீட்டில் விவசாயம். எங்கள் ஆய்வு மாணவி ஒருவர் இந்தத் தலைப்பில் பேச இருந்தார். அதற்கு முன் நாங்கள் மாணவர்களுக்குக் கொடுத்த ஒரு பக்கம் பிளான்ட்வில்லேஜ் என்கிற படத் தொகுப்பைப் பற்றியது. 54,306 இலைப் படங்கள், 14 பயிர்கள், 26 நோய்கள். 2016-இல் மோகந்தி, ஹியூஸ், சலாத்தே மூவரும் இதில் ஒரு நியூரல் நெட்வொர்க்கை, அதாவது உதாரணங்களைப் பார்த்துக் கற்கும் கணினி மாடலை, பழக்கி 99.35 சதவீதம் சரியாகச் சொல்ல வைத்தார்கள். இதைப் பார்த்து உலகம் முழுக்கப் பலர் இந்த வேலையில் இறங்கினார்கள். ஆனால் அதே கட்டுரையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. வேறு சூழ்நிலையில் எடுத்த படங்களைக் கொடுத்துப் பார்த்தபோது கிடைத்தது 31.4 சதவீதம். அதைக் கட்டுரையாசிரியர்களே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். மேற்கோள் காட்டுபவர்கள்தான் முதல் எண்ணோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தொகுப்பில் உள்ள படங்கள், இலையைப் பறித்து ஒரு தாளின் மேல் வைத்து எடுத்தவை. 2022-இல் ஒருவர் இலையையே காட்டாமல், படத்தின் ஓரத்துப் பின்னணியிலிருந்து வெறும் எட்டுப் புள்ளிகளை மட்டும் எடுத்து ஒரு மாடலைப் பழக்கிப் பார்த்தார். அது 49 சதவீதம் சரியாகச் சொன்னது! இலை தெரியாமலே நோய் தெரிந்துவிட்டது என்றால், மாடல் கற்றுக்கொண்டது நோயை மட்டும் அல்ல. எந்தத் தாளில், எந்த வெளிச்சத்தில் எடுத்த படம் என்பதையும் சேர்த்துக் கற்றிருக்கிறது. இன்னொன்று, அந்த 14 பயிர்களில் நெல்லும் கிடையாது, வாழையும் கிடையாது.

இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வந்தவர்கள் உட்கார்ந்த விதமே வேறு. மாணவி பேசினார். குலைநோய், செம்புள்ளி, பாக்டீரியா இலைக்கருகல் என்று வகைக்கு ஒரு குவியல் படம். நேரடியாக வயலில் இறங்கி எடுத்த படங்கள், அது பெரிய உழைப்பு. படம் போதாததால் ஒவ்வொன்றையும் திருப்பி, சாய்த்து, வெளிச்சம் கூட்டிக் குறைத்துப் பெருக்கியிருந்தார். கடைசி ஸ்லைடில் நூற்றுக்கு மிகப் பக்கத்தில் ஒரு எண். கைதட்டல் முடிந்ததும், ஒரத்தநாடு பக்கத்திலிருந்து வருகிற ஒரு பையன் எழுந்தான். "மேம், படங்களைத் திருப்பிப் பெருக்கினது, பழக்குறதுக்கும் சோதிக்கிறதுக்கும் பிரிச்ச பிறகா, பிரிக்கிறதுக்கு முன்னாலயா?"

அரங்கில் ஒரு நிமிடம் சத்தமே இல்லை. அவர் லேப்டாப்பில் நிரலைத் திறந்து அங்கேயே பார்த்தார். முன்னால்தான். அப்படியென்றால் ஒரே இலையின் ஒரு படம் பழக்கும் பக்கத்திலும், அதையே சாய்த்த படம் சோதிக்கும் பக்கத்திலும் இருந்திருக்கிறது. வினாத்தாளை முந்தின நாளே பார்த்துவிட்டுத் தேர்வு எழுதின மாதிரி ஆகிவிடும். இது ஏதோ எங்கள் ஊர்ப் பிரச்சினை இல்லை. சயாஷ் கபூரும் அரவிந்த் நாராயணனும் 2023-இல் எழுதிய கட்டுரை, 17 ஆய்வுத் துறைகளில் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் இந்த மாதிரிக் கசிவால் பாதிக்கப்பட்டிருப்பதைத் தொகுத்துக் காட்டியது. அந்த மாணவி கலங்கவில்லை. இலை வாரியாகவும், இன்னும் ஒரு படி மேலே போய் வயல் வாரியாகவும் பிரித்து, எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினார். எண் இறங்கியது. இறங்கிய எண்ணோடு அவர் கொடுத்த இரண்டாவது உரைதான் எங்கள் துறையில் நடந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது. எந்த வயலில் மாடல் தடுமாறுகிறது, ஏன் என்று வயல் வயலாகக் காட்டினார்.

முதல் உரையன்றே இன்னொரு கேள்வியும் வந்தது. அதையும் சொல்ல வேண்டும். ஒரு பெண் சொன்னாள்: "எங்க வயல்ல நடவு முடிஞ்சு கொஞ்ச நாள்ல இலையில துரு நிறத்துல புள்ளி வந்துச்சு. அப்பா செம்புள்ளி நோய்னு மருந்து அடிக்கப் போனாங்க. வேளாண்மை ஆபீசர் வந்து பார்த்துட்டு, இது துத்தநாகச் சத்துக் குறைவு, ஜிங்க் சல்பேட் போடுங்கன்னாரு. அந்த இலையைக் காட்டினா உங்க மாடல் என்ன சொல்லும்?" சரியான அடி. மாடலுக்குத் தெரிந்த வகைகள் நான்கு என்றால், எதைக் காட்டினாலும் அந்த நான்கில் ஒன்றைத்தான் சொல்லும். செருப்பைக் காட்டினாலும் ஒரு நோயின் பெயரைத்தான் சொல்லும். 'எனக்குத் தெரியவில்லை' என்று சொல்ல அதற்கு வழி வைக்கவில்லை. அந்த வழியை எப்படி வைப்பது என்பது இப்போது உலகத்தில் பலர் மண்டையை உடைத்துக்கொள்ளும் ஆய்வுக் கேள்வி. அந்தப் பெண்ணுக்கு அது தெரியாது. அவளுக்கு வயல் தெரியும். அவ்வளவு போதுமாக இருந்தது.

இதிலிருந்து நாங்கள் பிடித்துக்கொண்ட ஒரு வழக்கம்: கேள்வி நேரத்தின் முதல் பத்து நிமிடம் மாணவர்களுக்கு மட்டும். ஆசிரியர்கள் வாயைத் திறக்கக் கூடாது. துறைத்தலைவருக்கும் அதே விதிதான். ஆசிரியர் ஒருவர் முதலில் எழுந்து, கேள்வி என்ற பெயரில் ஐந்து நிமிடம் தன் சொந்த ஆய்வைப் பற்றிப் பேசிவிட்டால், அதற்குப் பிறகு எந்த மாணவரும் எழுந்திருக்க மாட்டார். மாணவர் தரப்பிலிருந்து ஒருவரும் எழவில்லை என்றால் காத்திருக்க வேண்டும். அந்த மௌனம் எவ்வளவு சங்கடமாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும். யாராவது எழுவார்கள்.

தமிழில் கேட்கலாம், தமிழிலேயே பதில் சொல்லலாம் என்று பேச்சாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவோம். வெளிமாநிலத்தவர் வந்தால் நான் பக்கத்தில் நின்று எடுத்துச் சொல்வேன். ஸ்லைடு ஆங்கிலத்தில் இருக்கட்டும், அதில் தவறில்லை. வாய் மட்டும் தமிழில் இருந்தால் போதும்.

நேரத்தைப் பற்றி. நாங்கள் இரண்டரை மணிக்குத் தொடங்கி மூன்றரைக்கு முடிக்கிறோம். நாலரைக்குக் கல்லூரி பஸ் கிளம்பிவிடும். பாபநாசம், அம்மாபேட்டை, திருவையாறு பக்கம் போகிற பிள்ளைகள் அதை விட்டால் வீடு போய்ச் சேர இருட்டிவிடும். உரை முடிந்து பேச்சாளரைச் சூழ்ந்துகொண்டு நிற்கிற அந்த ஒரு மணி நேரம்தான் விலைமதிப்பில்லாதது. நேரத்தை நெருக்கி வைத்தால் அது போய்விடும். பேச்சுக்கு முப்பத்தைந்து நிமிடம், கேள்விக்கு இருபத்தைந்து. பேச்சாளர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள், அப்புறம் அவர்களே நன்றி சொல்வார்கள்.

பொன்னாடை, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, அறிமுகவுரை, நன்றியுரை எதுவும் கிடையாது. இதைக் கொண்டுவரக் கொஞ்சம் போராட வேண்டியிருந்தது, விருந்தினருக்கு மரியாதை குறைந்துவிடும் என்று மூத்தவர்கள் வருத்தப்பட்டார்கள். வந்தவரை வாசலில் போய் அழைத்து வருவது, உட்கார வைத்துக் காபி கொடுப்பது, அவர் பேச்சை முழுவதும் உட்கார்ந்து கேட்பது என்று மரியாதையை வேறு பக்கம் கூட்டினோம். மேடையில் அவரைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிட்டு மைக்கைக் கொடுத்துவிடுகிறோம். வருகைப் பதிவும் ஜியோ டேக் போட்டோவும் கல்லூரிக் கோப்புகளுக்குத் தேவை. அதை உரை முடிந்த பிறகு எடுத்துக்கொள்கிறோம்.

பேச்சாளரிடம் நாங்கள் கேட்கும் ஒரே உதவி, ஒரு சின்ன உதாரணத்தை எடுத்துக் கடைசிவரை கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள் என்பது. சாட்ஜிபிடி போன்ற மொழி மாடல்களைப் பற்றி ஒருவர் பேச வந்தார். சொற்களை மாடல் கையாளும் சின்னத் துண்டுகளாக உடைக்கும் டோக்கன் பிரிப்பு என்பதை ஸ்லைடில் விளக்கியிருந்தால் எல்லாரும் தலையாட்டியிருப்பார்கள். அவர் பலகையில் 'தஞ்சாவூர்' என்று எழுதினார். "எத்தனை எழுத்து?" என்றார். ஐந்து என்றார்கள். கணினி எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடில் த, ஞ, புள்ளி, ச, கால், வ, ஊகாரக் குறி, ர, மறுபடி புள்ளி என்று ஒன்பது குறிகள். அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 27 பைட். அதே ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் ஒன்பது எழுத்து, ஒன்பது பைட். அப்புறம் 'வந்தான், வந்தாள், வந்தார்' என்று எழுதி, அடிக்கடி பக்கத்தில் பக்கத்தில் வரும் இரண்டு குறிகளை ஒன்றாக ஒட்டு, மறுபடி பார், மறுபடி ஒட்டு என்று மாணவர்களையே செய்யச் சொன்னார். சில படிகளில் 'வந்தா' என்பது ஒரே துண்டாகத் திரண்டு வந்துவிட்டது. 1994-இல் பிலிப் கேஜ் கோப்புகளைச் சுருக்குவதற்காகக் கொண்டுவந்த முறை இது. பின்னால் மொழி மாடல்களுக்கு வந்து சேர்ந்தது. மாடலைப் பழக்கும் குவியலில் தமிழ் குறைவாக இருந்தால் தமிழ்த் துண்டுகள் ஒட்டாமல் உதிரியாகவே நிற்கும். அதனால் ஒரே செய்தியைத் தமிழில் சொல்ல அதிக டோக்கன் ஆகிறது, காசும் அதிகம் ஆகிறது. இதைக் கேட்ட மாணவர்கள் விடுதிக்குப் போய் அவரவர் ஊர்ப் பெயரை எண்ணிப் பார்த்துக் குழுவில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கோட்பாட்டு உரை என்றாலே கூட்டம் கரைந்துவிடும் என்பார்கள். பலகை இருந்தால் கரையாது. ஒரு எண் பகா எண்ணா என்று விரைவாகச் சொல்லும் முறையைப் பற்றிய உரையில், பேச்சாளர் பாஸ்கல் முக்கோணத்தின் இரண்டு வரிகளை எழுதினார். ஐந்துக்கு 1, 5, 10, 10, 5, 1. நடுவில் உள்ளவை எல்லாம் ஐந்தால் வகுபடும். நான்குக்கு 1, 4, 6, 4, 1. ஆறு நான்கால் வகுபடாது. பகா எண்ணுக்கு மட்டும் இது எப்போதும் சரியாக வரும். ஆனால் பெரிய எண்ணுக்கு முழு வரியையும் பார்த்துக்கொண்டிருந்தால் காலம் போதாது. அதைக் குறுக்கும் வழியை 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐஐடியில் மணீந்திர அகர்வாலும், நீரஜ் கயல், நிதின் சக்சேனா என்ற இரண்டு மாணவர்களும் கண்டுபிடித்தார்கள். அந்த இருவரும் அப்போதுதான் பிடெக் முடித்திருந்தார்கள். இதைச் சொன்னதும் கடைசி பெஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்தது.

ரேடார் உரைக்கு வருகிறேன். இதை நினைத்தால் இப்போதும் உற்சாகமாக இருக்கிறது. சம்பா பருவத்தில் எத்தனை ஏக்கரில் நெல் இருக்கிறது என்று வானிலிருந்து எண்ண வேண்டும். சாதாரண செயற்கைக்கோள் படத்தால் முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவின் மேல் மேகம் விலகுகிற நாளே அபூர்வம். ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-1 செயற்கைக்கோள் அதற்கு உதவுகிறது. முதலாவது 2014 ஏப்ரலில் ஏவப்பட்டது. அது ரேடார் அலையை அனுப்பித் திரும்பி வருவதை அளக்கிறது. மேகம் அதற்குத் தடையில்லை, இரவும் தடையில்லை. ஒரு செயற்கைக்கோள் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை அதே பாதையில் வரும், படங்கள் எல்லாருக்கும் இலவசம். சேறடித்துத் தண்ணீர் கட்டிய வயல் கண்ணாடி போல அலையை வேறு பக்கம் திருப்பிவிடுவதால் படத்தில் கறுப்பாகத் தெரியும். நட்ட பயிர் வளர வளர வெளுத்துக்கொண்டே வரும். இந்த வெளுப்பை நாள்வாரியாகக் கோடாக வரைந்தால் முதலில் பள்ளம், பிறகு ஏற்றம். இந்த வளைவு எங்கே தெரிகிறதோ அங்கே நெல். பேச்சாளர் அழகாகச் சொன்னார், நானும் மயங்கித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

திருத்துறைப்பூண்டி பக்கத்துப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான். "சார், எங்க ஊரு கடைமடை. தண்ணி எப்ப வரும்னு தெரியாது. நாங்க சேறடிச்சு நடறதில்ல, புழுதியிலேயே நேரடியா விதைச்சுடுவோம். மழை வந்து அப்புறம்தான் தண்ணி நிக்கும். அப்ப அந்தப் பள்ளம் எங்க வயல்ல வருமா?"

பேச்சாளர் மேசைக்குப் போய்ப் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். விதைக்கும்போது தண்ணீர் இல்லை என்றால் அந்தத் தொடக்கப் பள்ளம் இருக்காது. பிறகு மழையில் தேங்கும்போது பயிர் ஏற்கெனவே முளைத்திருக்கும். வளைவின் வடிவமே மாறும். நடவு வயலை வைத்துப் பழக்கிய மாடல் கடைமடை வயலைத் தவறவிடக்கூடும். திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் நேரடி விதைப்பு எவ்வளவு பரவலானது என்று எங்கள் பக்கத்தவர்களுக்குத் தெரியும். மேட்டூரில் ஜூன் 12-இல் தண்ணீர் திறந்தால் ஒரு கணக்கு, தள்ளிப்போனால் வேறு கணக்கு. உரை முடிந்த பிறகு பேச்சாளர் அந்தப் பையனை விடவில்லை. எந்த ஊரில் எந்த மாதம் விதைப்பார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பஸ் கிளம்பும் வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதனால்தான் நான் அடித்துச் சொல்கிறேன், எங்கள் ஊரைத் தொடும் தலைப்புக்குக் கணினிக்காரர்கள் மட்டும் உட்கார்ந்தால் போதாது. பயிர் பற்றிய உரை என்றால் வேளாண்மை தெரிந்த ஒருவரைக் கூப்பிட வேண்டும். ஆடுதுறையில் 1922-இலிருந்து நெல் ஆராய்ச்சி நடக்கிற மண் இது, ஆளுக்கா பஞ்சம்? ஓலைச்சுவடிகளைக் கணினி படிப்பது பற்றிய உரைக்குத் தமிழ்த் துறை மாணவர்களையும் அழைத்திருந்தோம். சரசுவதி மகால் நூலகம் இருக்கிற ஊரில் இந்தத் தலைப்புக்குக் கூட்டம் சேர்வது கஷ்டமில்லை. பேச்சாளர் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுவதிலிருந்து தொடங்கினார். 1979-இல் ஓட்சு சொன்ன முறை, எவ்வளவு கறுத்திருந்தால் எழுத்து, அதற்குக் குறைந்தால் ஓலை என்று படம் முழுவதற்கும் ஒரே ஒரு எல்லைக்கோட்டைப் போடும். ஓலை ஓரிடத்தில் கறுத்தும் ஓரிடத்தில் வெளிறியும் பூச்சி அரித்தும் இருப்பதால் அது சரிப்படாது. 2000-இல் சவோலா சொன்னது போல அந்தந்த இடத்துக்குத் தனித்தனி எல்லைக்கோடு வேண்டும். இதுவரை கணினித் துறை. எழுத்தை அடையாளம் காணும் இடத்துக்கு வந்தபோது தமிழ்த் துறைப் பெண் ஒருத்தி எழுந்து, சுவடியில் பெரும்பாலும் புள்ளி இருக்காது, காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும், எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு இருக்காது என்றாள். வடிவத்தைச் சரியாகப் பார்த்தாலும் எந்த எழுத்து என்று முடிவு செய்ய, அது வருகிற சொல்லும் வரியும் தெரிந்திருக்க வேண்டும். மாடல் வடிவத்தோடு நின்றால் போதாது, மொழிக்குள் போக வேண்டும் என்று அங்கேயே விவாதம் கிளம்பிவிட்டது. இரு துறையும் சேர்ந்து இப்போது ஒரு சின்ன புராஜெக்ட் செய்கிறார்கள்.

உரை கேட்கப் போகும் மாணவர்களுக்கு நான் சொல்வது இது. பேச்சு புரியாத இடத்தில் விட்டுவிட்டு அடுத்த இடத்தில் ஏறிக்கொள்ளுங்கள், முழுவதும் புரிய வேண்டிய அவசியம் இல்லை. முடியும்போது மூன்று விஷயம் உங்கள் நோட்டில் இருந்தால் போதும்: என்ன சொல்கிறார், அதை எப்படிச் சோதித்தார், எது இன்னும் தெரியவில்லை. மூன்றாவது பேச்சில் வராவிட்டால் அதையே கேள்வியாகக் கேளுங்கள். ஒவ்வொரு வாரமும் இரண்டு மாணவர்கள் இதை ஒரு பக்கமாக எழுதித் துறை நோட்டில் வைக்க வேண்டும். இறுதியாண்டு புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடுபவர்கள் இப்போது முதலில் புரட்டுவது அந்த நோட்டைத்தான்.

பேசப் போகிறவர்களுக்கும் ஒன்று. ஸ்லைடு பழையதாக இருந்தால், முந்தின நாள் இரவு ஒருமுறை தேடிப் பாருங்கள், நீங்கள் சொல்லப்போவது இன்னும் நிற்கிறதா என்று. குவாண்டம் கணினி வந்தாலும் உடையாது என்று நம்பப்பட்ட சைக் (SIKE) என்ற, தகவலை மறைத்துப் பூட்டும் முறையை 2022-இல் காஸ்ட்ரிக், டெக்ரு இருவரும் சாதாரண கணினியின் ஒரே ஒரு கோரில் சுமார் ஒரு மணி நேரத்தில் உடைத்துவிட்டார்கள். அதற்கு முந்தைய மாதம் தயாரித்த ஸ்லைடுகூட அன்றே பழசாகிவிட்டது. 2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் தரநிலை அமைப்பான என்ஐஎஸ்டி இந்த மாதிரிப் பூட்டுகளுக்கு வெளியிட்ட தரநிலைகளில் இருப்பவை வேறு முறைகள். அப்புறம், இருபது கட்டுரைகளை அட்டவணை போட்டு ஒவ்வொன்றாகப் படிக்கும் ஸ்லைடை எடுத்துவிடுங்கள். அது வைவாவுக்கு வேண்டும், உரைக்கு வேண்டாம். செய்து காட்டும் டெமோ இருந்தால் வீடியோவாகவும் எடுத்து வையுங்கள். கரண்ட் போனால் ஜெனரேட்டர் வரும், வைஃபை திரும்ப நேரமாகும்.

பேச்சாளர் எங்கிருந்து கிடைப்பார்கள் என்பதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. பெரிய பேராசிரியர்களைத் துரத்த வேண்டாம். டெல்டாவில் பிறந்து சென்னை ஐஐடியிலும், பெங்களூர் ஐஐஎஸ்ஸியிலும், வெளிநாட்டிலும் பிஎச்டி செய்கிற பிள்ளைகள் எத்தனையோ பேர். திருச்சி என்ஐடி பக்கத்திலேயே இருக்கிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். ஊரில் நாலு நாள் சும்மா இருக்கும்போது ஒரு மணி நேரம் பேசக் கூப்பிட்டால் சந்தோஷமாக வருவார்கள், அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே கேட்டுவிட வேண்டும், டிக்கெட் போடும்போதே ஒரு நாள் சேர்த்துப் போடுவார்கள். பண்டிகை நாளை ஒட்டிக் கல்லூரி விடுமுறை என்றால், விடுமுறைக்கு முந்தின புதனைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நான் அனுப்பும் கடிதத்தின் மாதிரியைக் கீழே தருகிறேன், அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

"அன்புள்ள தம்பி, வணக்கம். நீங்கள் செய்யும் ஆய்வைப் பற்றி எங்கள் மாணவர்களுக்குச் சொல்ல முடியுமா? பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது ஒரு புதன்கிழமை மதியம் இரண்டரை மணி. முப்பத்தைந்து நிமிடம் பேச்சு, மீதி கேள்வி. தமிழில் பேசலாம். முடிந்த வேலையாக இருக்க வேண்டியதில்லை, பாதியில் நிற்கும் வேலையே எங்களுக்கு நல்லது. எங்கே சிக்கி நிற்கிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு சின்ன உதாரணத்தைப் பலகையில் போட்டுக் காட்டுங்கள். படித்துவிட்டு வர ஏற்றதாக ஒரு பழைய கதையோ கட்டுரையோ இருந்தால் பத்து நாள் முன்னால் அனுப்பினால் நாங்கள் மாணவர்களுக்குத் தமிழில் எழுதிக் கொடுத்துவிடுவோம். பயணச் செலவு எங்களுடையது. மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுங்கள், மாணவர்கள் உங்களோடு உட்கார்ந்து சாப்பிட ஆசைப்படுகிறார்கள். நாலரைக்கு முன்னால் கிளம்ப வேண்டிய அவசரம் இருந்தால் மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்."